அரிட்ஸ் அடூரிஸ்: முப்பதைத் தாண்டிய பிறகு வந்த கோல்கள்

2016 நவம்பர் 12 அன்று கிரனடாவில் நடந்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்தில் மாசிடோனியாவை ஸ்பெயின் 4-0 என்று வென்றது. நான்காவது கோல் விழுந்தபோது ஆட்டம் ஏற்கெனவே முடிந்த மாதிரிதான். ஆனால் அதை அடித்தவருக்கு அன்று வயது 35 ஆண்டு 275 நாள். ஸ்பெயினுக்காகக் கோல் அடித்த மிக மூத்த வீரர் என்று 1930 முதல் ஹோசே மரியா பென்யா வைத்திருந்த சாதனை அந்தக் கோலோடு போனது. ஒன்பது நாள் முன்புதான் ஐரோப்பிய கிளப்புகளுக்கான இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீகில் ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் போட்டிருந்தார் அதே மனிதர்.

அரிட்ஸ் அடூரிஸ் என்ற இந்த முன்கள வீரரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்கள்: வயது ஏற ஏற மெருகேறியவர், அபூர்வப் பிறவி. எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. 25 வயது அடூரிஸுக்கும் 34 வயது அடூரிஸுக்கும் திறமையில் இருந்த வித்தியாசத்தைவிட, அவரைச் சுற்றியிருந்த அணியில் ஏற்பட்ட மாற்றம் பெரிது. அவருடைய உடலை மட்டும் ஆராய்ந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். மீதிக் கதை, அவரை இரண்டு முறை வெளியே அனுப்பிவிட்டு இரண்டு முறையும் திரும்ப அழைத்துக்கொண்ட அத்லெடிக் பில்பாவ் கிளப்பில் இருக்கிறது.

1898இல் தொடங்கிய கிளப் அது. ரியல் மாட்ரிட், பார்சிலோனா ஆகியவற்றோடு சேர்த்து, ஸ்பெயினின் முதல் டிவிஷனிலிருந்து ஒருமுறைகூடக் கீழே இறங்காத மூன்றே கிளப்புகளில் ஒன்று. ஆனால் மற்ற இரண்டும் உலகம் முழுக்கத் தேடி ஆள் எடுப்பவை. அத்லெடிக் அப்படியல்ல. ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லையின் இருபுறமும் இருக்கும் பாஸ்க் நாட்டில் பிறந்தவர்களையோ, அங்கே கால்பந்து கற்று வளர்ந்தவர்களையோ மட்டும்தான் களமிறக்கும். ஸ்பெயின் பக்கம் நான்கு மாகாணங்கள், பிரான்ஸ் பக்கம் மூன்று சிறு பகுதிகள். எல்லாம் சேர்த்து மூன்று மில்லியன் சொச்சம் மக்கள். இந்த வட்டத்துக்குள்தான் கோல்கீப்பர் முதல் ஸ்டிரைக்கர் வரை எல்லாரையும் கண்டுபிடிக்க வேண்டும். நூறாண்டுக்கும் மேலாக இந்த வழக்கத்தை அவர்கள் விட்டதில்லை.

இப்படி ஒரு கிளப்புக்கு ஸ்டிரைக்கர் தேவைப்பட்டால் என்ன செய்யும்? தென் அமெரிக்காவுக்குப் போய் ஆள் பிடிக்க முடியாது. 1971 முதல் இயங்கும் லெசாமா பயிற்சிக்கூடத்தில் அந்த நேரத்தில் ஒரு பையன் தயாராக இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் மற்ற கிளப்புகளில் ஆடும் பாஸ்க் வீரர்களைத் தேட வேண்டும். அவர்களை விற்கும் கிளப்புகளுக்கும் அத்லெடிக்கின் நெருக்கடி நன்றாகத் தெரியும். அதனால் விலை ஏறும். வேறு கிளப்புகளில் ஒரு வீரரை அனுப்பிவிட்டால் அதோடு அவர் கதை முடிந்தது. அத்லெடிக்கில் அப்படி முடிவதில்லை. தேடக்கூடிய வட்டம் அவ்வளவு சிறியது என்பதால், வெளியே போனவரின் பெயர் எப்போதும் பட்டியலில் இருந்துகொண்டே இருக்கும். அடூரிஸின் வாழ்க்கைக்கு இந்த விதிதான் சாவி.

அவர் பிறந்தது 1981 பிப்ரவரி 11 அன்று, சான் செபஸ்தியானில். அது அத்லெடிக்கின் பக்கத்து வீட்டுப் போட்டியாளரான ரியல் சொசியேதாதின் ஊர். சிறு வயதில் பெற்றோருடன் பனிமலைகளுக்குப் போய் நெடுந்தூரப் பனிச்சறுக்கில் போட்டியிட்ட பையன். மூச்சையும் காலையும் சேர்த்துச் சோதிக்கும் விளையாட்டு அது. கால்பந்துக்கு வந்தது அந்திகுவோகோ என்ற உள்ளூர் இளைஞர் கிளப் வழியாக. அதே கிளப்பில் அதே தலைமுறையில் வளர்ந்த மற்ற பெயர்களைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும்: சாபி அலோன்சோ, மிகெல் ஆர்டெட்டா, அந்தோனி இராயோலா. மூவரும் இன்று பயிற்சியாளர்களாகப் பெயர் எடுத்தவர்கள். ஆடும் காலத்தில் அலோன்சோ ரியல் சொசியேதாத் வழியாக லிவர்பூல் போனார். ஆர்டெட்டா பதின்ம வயதிலேயே பார்சிலோனா போனார். இராயோலா அத்லெடிக்கில் நிலைத்தார். அடூரிஸுக்கு மட்டும் பாதை சுற்றிச் சுற்றி வந்தது.

2002-03 சீசனில் யூப் ஹெய்ங்கஸ் பயிற்சியில் அத்லெடிக்கின் முதல் அணியில் ஒருசில ஆட்டங்கள் கிடைத்தன. அவ்வளவுதான். 22 வயதில் கிளப் அவரை விட்டுவிட்டது. அடுத்த சீசன் மூன்றாம் நிலையில் இருந்த புர்கோஸ். அதற்கடுத்து இரண்டாம் டிவிஷனில் வயதோலித். மூன்றாம் நிலை என்றால் கூட்டமும் கேமராவும் குறைந்த ஆட்டங்கள், கரடுமுரடான டிஃபெண்டர்கள். அங்கே தொடர்ந்து ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

2005-06 சீசனின் நடுவில் அத்லெடிக் தடுமாறியது. கீழே இறங்கும் பயம் வந்ததும் பழைய பெயர் ஞாபகத்துக்கு வந்தது. பயிற்சியாளர் ஹாவியர் கிளெமெந்தே காலத்தில், அந்தக் குளிர்காலத்தில் அடூரிஸ் திரும்ப வந்தார். அந்த ஆண்டு தப்பித்தார்கள். அடுத்த 2006-07 சீசன் அதைவிட மோசம்: 17ஆவது இடம். கடைசி நாளில் சொந்த மைதானத்தில் லெவாந்தேயை வென்றுதான் முதல் டிவிஷனில் காலூன்றி நின்றது அணி. அந்தக் காலத்து அத்லெடிக்கில் முன்களத்தில் ஆடுவது என்றால், எப்போதாவது ஒருமுறை வரும் நல்ல பந்துக்காக அலைந்து திரிவதுதான். அடூரிஸ் கோல் போட்டார், ஆனால் அள்ளிக் குவிக்கவில்லை. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அப்போது லெசாமாவிலிருந்து ஒரு பையன் வந்தான். ஃபெர்னாந்தோ யோரெந்தே. அடூரிஸைவிட நான்கு வயது இளையவர், ஏறக்குறைய 1.95 மீட்டர் உயரம், கிளப்பின் சொந்தத் தயாரிப்பு. இரண்டு பேரும் பெட்டிக்குள், அதாவது கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பகுதிக்குள், நின்று உயரப் பந்துக்குப் போட்டியிடும் ரகம். இருவரையும் வைத்துக்கொள்ள முடியும், ஆனால் கிளப்புக்குப் பணமும் தேவை. 2008 கோடையில் அடூரிஸ் மயோர்காவுக்கு விற்கப்பட்டார். 27 வயது. ஒரு ஸ்டிரைக்கரின் உச்சகாலம் தொடங்க வேண்டிய வயதில், சொந்த மண்ணின் கிளப் இரண்டாவது முறையாக வழியனுப்பியது.

மயோர்காவில் இரண்டு சீசன் நன்றாகப் போனது. முதல் ஆண்டு லீகில் 11 கோல், அடுத்த ஆண்டு 12. கிரகோரியோ மன்சானோவின் அந்த அணி 2009-10இல் ஐந்தாவது இடம் பிடித்தது. ஆனால் கிளப் கடனில் மூழ்கியிருந்தது. நிதிநிலையைக் காரணம் காட்டி ஐரோப்பியக் கால்பந்து சங்கம் அவர்களை யூரோப்பா லீகில் சேர்க்கவில்லை, அந்த இடம் வியாரியாலுக்குப் போனது. வீரர்களை விற்றாக வேண்டிய நிலை. அடூரிஸை வாங்கியது வலென்சியா. அவர்களும் கடனில்தான் இருந்தார்கள். டேவிட் வியாவை 40 மில்லியன் யூரோவுக்குப் பார்சிலோனாவிடமும், டேவிட் சில்வாவை மான்செஸ்டர் சிட்டியிடமும் கொடுத்துவிட்டு, அந்த ஓட்டையை மலிவாக அடைக்க ரொபெர்த்தோ சோல்தாதோவையும் அடூரிஸையும் எடுத்திருந்தார்கள்.

வலென்சியாவில் உனாய் எமெரி பயிற்சியாளர். சோல்தாதோ முதல் தேர்வு, அடூரிஸ் பெரும்பாலும் இரண்டாவது. இந்தக் காலத்தில்தான், 2010 அக்டோபரில், லித்துவேனியாவுக்கு எதிராக ஸ்பெயின் தேசிய அணியில் முதல்முறை ஆடினார். 29 வயது. உலகக் கோப்பையை வென்று மூன்று மாதமே ஆன அணி. அதன் பிறகு ஐந்தரை ஆண்டுகள் அவரை யாரும் கூப்பிடவில்லை.

ஏன் என்று யோசித்தால் காரணம் எளிதாகப் புரியும். அடூரிஸ் பிறந்த அதே 1981இல், டிசம்பரில் பிறந்தவர் டேவிட் வியா. ஸ்பெயினுக்காக 59 கோல் அடித்து, அந்த நாட்டின் அதிகபட்ச கோல் சாதனையை வைத்திருப்பவர். மூன்று வயது இளையவர் ஃபெர்னாந்தோ டோரஸ். உயரமான ஆள் வேண்டுமென்றால் யோரெந்தே இருந்தார். 2012 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பயிற்சியாளர் விசெந்தே டெல் போஸ்கே ஸ்டிரைக்கரே இல்லாமல், செஸ்க் ஃபாப்ரிகாஸை முன்னால் நிறுத்தி இத்தாலியை 4-0 என்று வென்றார். தரையோடு தரையாகப் பந்தைக் கடத்தி எதிரணியை மூச்சுத் திணறவைத்த அந்த அணிக்கு, ஓரத்திலிருந்து உயரமாக வரும் கிராஸ் பந்துக்காகப் பெட்டிக்குள் காத்திருக்கும் ஆள் தேவைப்படவில்லை. ஸ்பெயின் கால்பந்தின் பொற்காலம் முழுவதும் அடூரிஸின் ஆட்டவகைக்கு எதிர்த்திசையில் ஓடியது.

சரி, 2012க்கு வருவோம். மார்செலோ பியெல்சா பயிற்சியில் அத்லெடிக் அந்த ஆண்டு இரண்டு இறுதி ஆட்டங்களுக்குப் போய் இரண்டிலும் 3-0 என்று தோற்றது: புக்காரெஸ்ட்டில் யூரோப்பா லீக் இறுதியில் அத்லெட்டிகோ மாட்ரிட்டிடம், பிறகு ஸ்பெயினின் நாக்அவுட் கோப்பையான கோபா டெல் ரே இறுதியில் பார்சிலோனாவிடம். அந்தக் கோடையிலேயே அணி சிதறத் தொடங்கியது. ஹாவி மார்ட்டினெஸ் 40 மில்லியன் யூரோவுக்குப் பேயர்ன் மியூனிக் போனார். யோரெந்தே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தார், அடுத்த ஆண்டு யுவென்டஸ் போனார். மறுபடியும் ஒரு பாஸ்க் ஸ்டிரைக்கர் வேண்டும். மறுபடியும் அதே பெயர். ஏறக்குறைய 2.5 மில்லியன் யூரோவுக்கு வலென்சியாவிலிருந்து வந்தார் அடூரிஸ். 31 வயது. யோரெந்தேவுக்காக அனுப்பப்பட்டவர், யோரெந்தே போகவிருந்ததால் திரும்ப வந்தார்.

அன்று பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இருந்திருக்க நியாயமில்லை. இரண்டு மூன்று ஆண்டு ஓட்டினால் போதும் என்கிற வகை ஒப்பந்தம்தான். அந்த சீசன் லீகில் 14 கோல். அடுத்த ஆண்டு 16. அதற்கடுத்து 18. பிறகு 20. 32 வயதிலிருந்து 35 வயதுவரை ஆண்டுக்கு இரண்டு கோல் கூடிக்கொண்டே போனது. 2014-15, 2015-16 என்று அடுத்தடுத்து இரண்டு சீசன், ஸ்பெயினின் முதல் டிவிஷனான லா லிகாவில் அதிகக் கோல் அடித்த ஸ்பானிய வீரருக்குரிய சாரா விருது அவருக்கு வந்தது. அந்த விருதின் பெயரில் இருக்கும் டெல்மோ சாராவும் அத்லெடிக்கின் ஸ்டிரைக்கர்தான். லா லிகாவில் 251 கோல் அடித்து, 2014இல் மெஸ்ஸி தாண்டும்வரை சாதனை வைத்திருந்தவர். லீகின் அதிகபட்ச கோல்காரருக்குக் கொடுக்கும் பிச்சிச்சி விருதும் நூறாண்டுக்கு முந்தைய ஒரு அத்லெடிக் வீரரின் செல்லப்பெயரே. ஸ்பெயினில் கோல் அடிப்பதற்கான இரு பெரிய விருதுகளும் ஒரே கிளப்பின் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. அந்த கிளப்பின் முன்களத்தில் நிற்பது எவ்வளவு கனமான வேலை என்பது இதிலிருந்தே தெரியும்.

இனி அந்தக் கோல்கள் எப்படி விழுந்தன என்று பார்ப்போம்.

அடூரிஸ் ஆறடிக்கும் சற்றுக் குறைவு. தடுப்பு வரிசையின் நடுவில் நிற்கும் இன்றைய சென்டர் பேக்குகளோடு ஒப்பிட்டால் உயரமே இல்லை. ஆனால் அவர் காலத்து ஐரோப்பாவில் தலையால் கோல் போடுவதில் அவருக்கு இணையாகச் சொல்லக்கூடியவர்கள் குறைவு. அவருடைய ஹெடர்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும்: பந்து கிராஸாக வரும் முன்பே பாதி வேலை முடிந்திருக்கும். பந்து விங்கில் இருக்கும்போது டிஃபெண்டரின் கண் பந்தைப் பார்க்கும். அந்த நேரத்தில் அடூரிஸ் அவருடைய முதுகுப் பக்கம் நழுவிப் போவார். பெரும்பாலும் தூரக் கம்பத்தை நோக்கி. அங்கே காவலுக்கு இருப்பவர் சென்டர் பேக் அல்ல, அவரைவிடக் குள்ளமான, ஓரத்தைக் காக்கும் ஃபுல் பேக். உயரத்தில் தோற்கக்கூடிய ஆளை விட்டுவிட்டு, ஜெயிக்கக்கூடிய ஆளைத் தேடிப் போகும் கணக்கு அது.

அப்புறம் அவர் குதிக்கும் விதம். நின்ற இடத்திலிருந்து குதிக்க மாட்டார். இரண்டு மூன்று அடி பின்வாங்கி, ஓடிவந்து குதிப்பார். எதிராளியைவிட ஒரு கணம் முன்னதாக மேலே போய்விடுவார். முன்கை எதிராளியின் தோளுக்கு அருகே இடத்தை வளைத்து வைத்திருக்கும். நடுவர்கள் சில நேரம் அதற்கு விசில் ஊதியதும் உண்டு. மேலே போனபின் கழுத்தும் முதுகும் வில்லாக வளைந்து, பந்தை நெற்றியால் கீழ்நோக்கி அடிக்கும். தரையில் பட்டு எழும்பி வரும் பந்தைத் தடுக்க கோல்கீப்பருக்குக் கீழும் போக முடியாது, மேலும் போக முடியாது.

இதில் எதுவுமே ஓட்டவேகத்தை நம்பி இல்லை. டோரஸோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். டோரஸ் 17 வயதில் அத்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு ஆடத் தொடங்கினார், லிவர்பூலில் உச்சத்தில் இருந்தார், 26 வயதில் 50 மில்லியன் பவுண்டுக்குச் செல்சீ போனார். அவருடைய ஆயுதம், டிஃபெண்டரின் பின்னால் கிடக்கும் வெற்றிடத்துக்குள் பாயும் அந்த முதல் பத்து மீட்டர். முழங்காலிலும் தொடையிலும் அடிபட்டு, அந்தப் பத்து மீட்டர் கொஞ்சம் மந்தமானதும் ஆட்டமே கைவிட்டுப் போனது. அடூரிஸின் ஆயுதமான நேரக்கணிப்புக்கு அப்படித் தேய்மானம் கிடையாது. இரண்டு ஆட்டவகைகளுக்கும் வேறு வேறு காலக்கெடு. டோரஸைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. 2008 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் அவர் அடித்த கோலில்தான் ஸ்பெயினின் பொற்காலமே தொடங்கியது.

ஆனால் நேரக்கணிப்பு மட்டும் இருந்து என்ன பயன், கிராஸ் வராவிட்டால்? 2006இல் வராத பந்து 2014இல் வந்தது. 2013 கோடையில் எர்னெஸ்தோ வல்வெர்தே பயிற்சியாளராக வந்தார். அந்த ஆண்டே அத்லெடிக்கின் புதிய சான் மாமெஸ் மைதானமும் திறந்தது. வல்வெர்தே, முன்களத்தின் நடுவில் ஒரே ஒருவரை நிறுத்தி, மற்ற எல்லாவற்றையும் அவரைச் சுற்றி அமைத்தார். வலப்பக்கம் மார்கெல் சுசாயெத்தாவும் ஓஸ்கார் தெ மார்கோஸும், இடப்பக்கம் இகெர் முனியாயினும் மிகெல் பலென்சியாகாவும் ஓரங்களில் ஏறி ஏறிப் பந்தை உள்ளே அனுப்பினார்கள். ஃப்ரீ கிக், கார்னர் போன்ற நின்ற பந்தை பெனியாட் அளந்து போட்டார். நெருக்கடி வந்தால் பின்னாலிருந்து நீளமாக அடூரிஸை நோக்கி அடித்தார்கள். அவர் நெஞ்சிலோ தலையிலோ வாங்கி, ஓடிவருபவர்களிடம் கொடுத்தார். 2015 கோடையில் அத்லெட்டிகோ மாட்ரிட்டிலிருந்து ராவுல் கார்சியா வந்தார். பாஸ்க் நாட்டின் நான்கு ஸ்பானிய மாகாணங்களில் ஒன்றான நவார்ராவில் பிறந்தவர், ஆகவே விதிக்குள் அடங்குபவர். அவரும் உயரப் பந்தில் கெட்டிக்காரர். எதிரணி டிஃபெண்டர்கள் அடூரிஸை இருவராகச் சூழ்ந்தால் பின்னாலிருந்து கார்சியா வருவார். கார்சியாவைப் பார்த்தால் அடூரிஸ் தனியாக நிற்பார்.

அதன் பலனைச் சில ஆட்டங்களில் நேரடியாகப் பார்க்கலாம். 2013-14இல் நான்காவது இடம் பிடித்த அத்லெடிக், சாம்பியன்ஸ் லீகுக்குள் நுழைய நாப்போலியை வெல்ல வேண்டியிருந்தது. இத்தாலியில் 1-1. 2014 ஆகஸ்ட் 27 அன்று சான் மாமெஸில் நாப்போலி முதலில் கோல் போட்டது. பிறகு எட்டு நிமிட இடைவெளியில் அடூரிஸ் இரண்டு போட்டார். முடிவில் 3-1.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 14, இரண்டு ஆட்டங்களாக நடந்த ஸ்பானிய சூப்பர் கோப்பையின் முதல் ஆட்டம். எதிரே அந்த ஆண்டு லீக், கோபா, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்று, ஆறு கோப்பைகளைக் குறிவைத்திருந்த பார்சிலோனா. அவர்கள் மூன்று நாள் முன்பு திபிலிசியில் செவில்லாவோடு கூடுதல் நேரம்வரை ஆடி 5-4 என்று வென்றுவிட்டு, களைத்து, பல மாற்றங்களோடு வந்திருந்தார்கள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் பாதியில் மிகெல் சான் ஹோசே நடுக்கோட்டுக்கு அருகிலிருந்து பார்சிலோனா கோல்கீப்பர் டெர் ஸ்டேகனின் தலைக்கு மேலே அடித்த கோல். இரண்டாம் பாதி அடூரிஸுடையது. 53ஆவது நிமிடம், சபின் மெரினோவின் கிராஸுக்குத் தலை. 62ஆவது நிமிடம் இன்னொன்று. 68ஆவது நிமிடம் பெனால்டி. பதினைந்து நிமிடத்தில் ஹாட்ரிக், ஸ்கோர் 4-0. மூன்று நாள் கழித்து பார்சிலோனாவின் மைதானமான கேம்ப் நோவில் 1-1, அங்கும் கோல் அவருடையதே. 1984க்குப் பிறகு 31 ஆண்டுகளில் அத்லெடிக் தூக்கிய முதல் கோப்பை. அடூரிஸ் தன் வாழ்நாளில் வென்ற ஒரே பெரிய கோப்பையும் இதுதான். இறுதி ஆட்டங்களில் தோற்றுத் தோற்றுப் பழகிய ஒரு நகரத்துக்கு, 34 வயதான ஒருவர் ஐந்தில் நான்கு கோல் போட்டுக் கொடுத்தார்.

அந்த 2015-16 சீசனில் மொத்தம் 36 கோல். லீகில் 20, யூரோப்பா லீகில் 10, சூப்பர் கோப்பையில் 4, கோபாவில் 2. யூரோப்பா லீகின் அதிகபட்ச கோல்காரர் அவரே. அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது மார்செயில் போட்ட கோல்: பெட்டிக்கு வெகு வெளியே, பந்து தரையைத் தொடும் முன்பே அடித்தது. கோல்கீப்பர் மந்தாந்தாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தலையால் மட்டும் கோல் போடுபவர் என்று அவரைச் சுருக்கிவிடுபவர்கள் அந்தக் கோலை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகுதான் டெல் போஸ்கேயின் கதவு திறந்தது. 2016 மார்ச்சில் உதினேயில் இத்தாலிக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் ஸ்பெயினுக்காகத் தன் முதல் கோலை அடித்தார், 35 வயதில். வியா, டோரஸ் தலைமுறை விலகியிருந்தது, தரைவழி ஆட்டத்துக்கு எதிரணிகள் பூட்டுப் போடக் கற்றிருந்தன. ஆனாலும் அந்தக் கோடை ஐரோப்பியக் கோப்பையில் முதல் தேர்வு ஆல்வரோ மொராட்டா. அடூரிஸ் மாற்று வீரராக மட்டுமே இறங்கினார், ஸ்பெயின் இத்தாலியிடம் தோற்று வெளியேறியது. மொத்தம் 13 ஆட்டம், 2 கோல். அவருடைய தரத்துக்கு இது மிகக் குறைவு என்று நினைக்கிறேன். குறிப்பாக 2014 உலகக் கோப்பைக்கு முன்பே அவரைச் சோதித்துப் பார்த்திருக்கலாம். முதல் சுற்றோடு திரும்பிய அந்த அணிக்கு வேறொரு வழி இல்லாமல் போனதுதான் பெரிய குறையாக இருந்தது.

2016 நவம்பர் 3 அன்று பெல்ஜியத்தின் ஹெங்க் அணியை அத்லெடிக் 5-3 என்று வென்றது. ஐந்தும் அடூரிஸ், அதில் மூன்று பெனால்டி. யூரோப்பா லீக் என்ற பெயர் வந்த பிறகு ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் அடித்த முதல் ஆள். 2017-18இல் 8 கோலோடு லாட்ஸியோவின் சீரோ இம்மோபிலேவுக்குச் சமமாக மறுபடியும் அந்தப் போட்டியின் அதிகபட்ச கோல்காரர் ஆனார். அப்போது வயது 37. ஆனால் லீகில் கோல்கள் குறையத் தொடங்கியிருந்தன. வல்வெர்தே பார்சிலோனா போயிருந்தார், கிராஸ் போட்ட பழைய கூட்டமும் மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. இடுப்பு வலி அவரைக் களத்திலிருந்து இழுத்துப் பிடித்தது.

2019-20தான் கடைசி சீசன் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார். அந்த சீசனின் முதல் ஆட்டம் ஆகஸ்ட் 16, சான் மாமெஸில் பார்சிலோனாவோடு. ஸ்கோர் 0-0. 88ஆவது நிமிடம் இன்யாகி வில்லியம்ஸுக்குப் பதிலாக உள்ளே வந்தார். அடுத்த நிமிடம் வலப்பக்கத்திலிருந்து ஆந்தெர் கப்பாவின் கிராஸ். கோலுக்கு முதுகைக் காட்டி நின்ற அடூரிஸ், காற்றில் மல்லாந்து பைசைக்கிள் கிக் அடித்தார். டெர் ஸ்டேகன் பாய்ந்தும் எட்டவில்லை. 1-0. வயது 38. லா லிகாவில் அவருடைய கடைசிக் கோல் அது. சரியாக ஒரு வாரம் கழித்து, அவரைவிட மூன்று வயது இளைய டோரஸ், ஜப்பானில் சகான் டோசு அணிக்காகத் தன் கடைசி ஆட்டத்தை ஆடி ஓய்வு பெற்றார்.

அத்லெடிக் அந்த ஆண்டு கோபா டெல் ரே இறுதிக்கு வந்தது. எதிரே ரியல் சொசியேதாத், அதாவது அடூரிஸ் பிறந்த ஊரின் அணி. இந்த இரு பாஸ்க் கிளப்புகளும் கோபா இறுதியில் மோதுவது அதற்கு முன் நடந்ததே இல்லை. அவருடைய கடைசி ஆட்டமாக அதுவே அமைந்திருக்க வேண்டும். கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. ரசிகர்கள் இல்லாமல் ஆட வேண்டாம் என்று இரு கிளப்புகளும் சேர்ந்து ஆட்டத்தைத் தள்ளிவைத்தன. ஆனால் அடூரிஸின் இடுப்பு அதுவரை காத்திருக்கவில்லை. தினசரி வாழ்க்கைக்கே செயற்கை மூட்டு தேவை, தாமதிக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொன்னதாகக் கூறி, 2020 மே 20 அன்று ஓய்வை அறிவித்தார். அத்லெடிக்குக்காக 407 ஆட்டம், 172 கோல். அந்தக் கோல்களில் பெரும்பகுதி மூன்றாவது வருகைக்குப் பிறகு வந்தவை. இறுதி ஆட்டம் 2021 ஏப்ரல் 3 அன்று செவில்லாவில், கடைசியில் ரசிகர்களே இல்லாமல்தான் நடந்தது. ரியல் சொசியேதாத் ஒயார்சாபாலின் பெனால்டியில் 1-0 என்று வென்றது.

அவருக்குப் பின் அந்த இடத்தை நிரப்ப அத்லெடிக் சில ஆண்டுகள் திணறியது. வில்லியம்ஸை நடுவில் நிறுத்தினார்கள், ராவுல் கார்சியாவை முன்னே தள்ளினார்கள், வியாலிப்ரேவை நம்பினார்கள். ஒன்றும் முழுசாக ஒட்டவில்லை. அப்போது கோர்கா குருசேத்தா என்ற பெயர் திரும்ப வந்தது. அவரும் சான் செபஸ்தியானில் பிறந்தவர். முதல் அணியில் கொஞ்சமே ஆடவைத்துவிட்டு 2020இல் கிளப் அவரை அனுப்பியிருந்தது. சபாதெல், பிறகு அமோரெபியெத்தா என்று இரண்டாம் டிவிஷனில் இரண்டு ஆண்டு சுற்றிவிட்டு 2022இல் மீண்டும் வந்தார். வல்வெர்தேயும் அதே ஆண்டு மறுபடியும் பயிற்சியாளராக வந்திருந்தார். 2024 ஏப்ரல் 6 அன்று மயோர்காவைப் பெனால்டிகளில் வென்று 40 ஆண்டுக்குப் பிறகு அத்லெடிக் கோபாவைத் தூக்கியபோது முன்களத்தின் நடுவில் ஆட்டத்தைத் தொடங்கியவர் குருசேத்தா. அந்த சீசன் லீகில் அவர் அடித்தது 14 கோல்.